கூடைக் கயிறும் தலைத் தழும்பும்

வலிப்புக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் ஞாபகமும் மனமும் எப்படித் தேறுகின்றன? தேயிலைத் தோட்ட லயங்களில் யாரும் பேசாத ஒரு வருடத்தின் கதை.

பொல்பிட்டியவில் மழைக்கும் குறைவில்லை, மின்சாரத்துக்கும் குறைவில்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனியாகும் இந்தப் பக்கத்தில் 1969 முதல் நீர்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைவாக இருப்பது நரம்பியல் வைத்திய நிபுணர்கள்தான். வலிப்புக்கு மருந்து எடுக்கிறவர்கள் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, கினிகத்தேனைக்கு ஏறி, அங்கிருந்து நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ பஸ் பிடிக்கிறார்கள். அன்றைக்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் விழாது. கூடப் போகிறவருக்கும் விழாது.

கொப்பியில் எழுதியிருக்கும் மருந்து பெரும்பாலானோருக்குப் போதும். கார்பமசெபின், சோடியம் வல்ப்ரோயேட் போன்ற மாத்திரைகளை நாள் தவறாமல் எடுத்தால், வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சமுள்ளவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் எடுத்தும் அடங்காத வலிப்பை, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் வரையறுத்தது. அந்தக் கட்டம் வந்துவிட்டால் மூன்றாவது, நான்காவது மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல், சத்திரசிகிச்சை பொருந்துமா என்று சோதிப்பதே முறை. நடப்பில் வலிப்பு தொடங்கிய நாளுக்கும் சத்திரசிகிச்சை நாளுக்கும் இடையே, வசதியுள்ள நாடுகளில்கூட, இருபது வருடங்கள் ஓடிவிடுவது வழக்கம்.

இந்த இருபது வருடங்கள்தான் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் திறவுகோல். வலிப்போடு வளர்ந்த ஒருவர், வலிப்பு இல்லாத ஒருவராக ஒரே காலையில் மாறிவிடுகிறார். மூளையில் வைத்தியர் தொட்ட இடம் சில சென்டிமீட்டர்தான். மாற வேண்டியிருப்பதோ முழு வாழ்க்கை.

மொன்றியலிலிருந்து வேலூருக்கு

"மண்டையைத் திறந்தால் ஆள் தேறாது" என்ற பயம் லயத்தில் மட்டும் இருப்பதல்ல. அந்தப் பயத்துக்கு எதிரான சான்று நம் பக்கத்திலேயே எழுபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் வலிப்புச் சத்திரசிகிச்சையின் முன்னோடி வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1952-இல் அங்கே வலிப்புக்கான சத்திரசிகிச்சையும் நடந்தது. பின்னர் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கிலிருந்து திரும்பிய குருபத் ராதாகிருஷ்ணன், 1995 மார்ச்சில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதற்கென்றே முழுமையான ஒரு திட்டத்தைத் தொடங்கினார். எல்லா நவீனக் கருவிகளும் வரும் வரை காத்திராமல், எம்.ஆர்.ஐ., வலிப்பு நேரத்து வீடியோவோடு எடுக்கும் ஈ.ஈ.ஜி., ஞாபகப் பரிசோதனை ஆகியவற்றை வைத்தே நோயாளிகளைக் கவனமாகத் தெரிந்தெடுத்தால் வசதி குறைந்த நாட்டிலும் இதைச் செய்யலாம் என்று அந்தக் குழு செய்தே காட்டியது. இலங்கையிலும் கொழும்பில் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

பலன் என்ன? கனடாவின் லண்டன் நகரில் 80 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் பொட்டு மடலில், அதாவது காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில், தொடங்கும் வலிப்பு. குலுக்கல் முறையில் 40 பேர் சத்திரசிகிச்சைக்கும் 40 பேர் மருந்துக்கும் பிரிக்கப்பட்டார்கள். ஒரு வருடத்தின் முடிவில், நினைவு தப்பும் வலிப்பு அறவே நின்றிருந்தவர்கள் முதல் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வந்தது. அங்கே ஒரு வருடம் கழித்து வலிப்பின்றி இருந்தவர்கள் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்.

டெல்லி ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளின் நடத்தை, பழகும் திறன், அன்றாட வாழ்க்கைத் தரம் மூன்றும் மருந்துப் பிரிவைவிட மேம்பட்டிருந்தன. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலிப்பு நின்றதும் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கும், தலையைத் தொட்டால் புத்தி மழுங்கிவிடும் என்று பயப்படும் பாட்டிக்கும் அந்த ஒரே முடிவு பதில் சொல்கிறது.

ஆறாவது வாரம்

வைத்தியசாலையில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது, புண் ஆறுவது பற்றிச் சொல்லி அனுப்புவார்கள். காதுக்கு முன்னால் தொடங்கி வளைந்து மேலேறும் தழும்பு. தாடையை அசைக்கும் பொட்டுத் தசையை வெட்டித் தைத்திருப்பதால் சில வாரங்களுக்கு வாயை அகலத் திறக்க முடியாது. கோதுமை ரொட்டியை மென்று விழுங்குவது பெரும்பாடு. பருப்புத் தண்ணியில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தலைவலி இருக்கும், களைப்பு அதைவிட அதிகமாக இருக்கும். சிலருக்குப் பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு கால்வாசி மங்கும். அது தானாகத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். திரும்ப த்ரீவீல் ஓட்ட நினைப்பவர் கட்டாயம் சோதிக்க வேண்டிய விஷயம்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை, வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். மனசில் நடப்பதற்குத்தான் ஆயத்தம் இருப்பதில்லை.

இங்கிலாந்தின் இலண்டனில் 60 நோயாளிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்த்த மனநல வைத்தியர்கள் 1998-இல் எழுதியது இது: முன்பு மனநலக் கோளாறு எதுவும் இல்லாதிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்தில் பதற்றமோ மனச்சோர்வோ வந்திருந்தது. மூன்றாவது மாதத்தில் பதற்றமும், காரணமின்றி அழுகையும் சிரிப்புமாக மாறி மாறி வருவதும் தணிந்தன. மனச்சோர்வு அவ்வளவு சீக்கிரம் விலகவில்லை.

ஏன் இப்படி? வெட்டி எடுக்கப்படும் பகுதியில் ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் மட்டுமல்ல, அமிக்டலாவும் இருக்கிறது. பயம், பாசம், கோபம் என்று உணர்ச்சிகளுக்கு நிறம் சேர்க்கும் சுற்றின் ஒரு கண்ணி அது. அதை நீக்கியதும் மிச்சச் சுற்று புதிதாக ஒழுங்காக மாதங்கள் பிடிக்கின்றன. மருந்துக்கும் பங்குண்டு. லெவெடிராசெட்டம் எடுக்கும் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கூடும். கார்பமசெபினும் வல்ப்ரோயேட்டும் வலிப்பைத் தடுப்பதோடு மனநிலையையும் சமன் செய்பவை. அவற்றைக் குறைக்கும்போது, அடங்கியிருந்த சோர்வு தலைதூக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்பே மனச்சோர்வு இருந்தவருக்குப் பின்னால் அது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

லயத்தில் இந்தச் சோர்வுக்குச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பேர் விழுகிறது. "அதான் நோய் போயிருச்சே, இன்னும் ஏன் மூலையில குந்திக்கிட்டு இருக்க?" என்ற கேள்வி அக்கறையோடுதான் வருகிறது. கேட்கப்படுபவருக்கு அது குற்றச்சாட்டாக விழுகிறது. லட்சக்கணக்கில் செலவு செய்து, அடகு வைத்து, ஊரெல்லாம் நேர்ந்துகொண்டு காப்பாற்றியவர்களிடம் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வதற்கே வெட்கம். சொல்லாமல் விடும்போதுதான் ஆபத்து கூடுகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அன்றே போகலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை வலிப்பு மருந்தோடு சேர்த்து வைத்தியரின் மேற்பார்வையில் எடுக்கலாம். "ரெண்டு மருந்தும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்" என்ற பயத்தில் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

ஞாபகத்தைப் பற்றி மருத்துவ உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, தவறிப்போன ஒரு வலிப்புச் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலாய்சன் என்ற 27 வயது இளைஞருக்கு வில்லியம் ஸ்கோவில் என்ற வைத்தியர் இரண்டு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியையும் நீக்கினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மொலாய்சனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. கதைத்துவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தவரை முதல்முறை பார்ப்பவர்போல் வரவேற்பார். 2008-இல் இறக்கும் வரை அப்படித்தான் வாழ்ந்தார்.

பென்ஃபீல்டின் மொன்றியல் நிறுவனத்திலிருந்து அவரைப் பார்க்க வந்தவர் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். 1957-இல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இரண்டு பக்கத்தையும் எடுக்கும் துணிச்சல் எவருக்கும் வரவில்லை. இன்று செய்யப்படுவது ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் மற்றப் பக்கம் நன்றாக இயங்குகிறதா என்று உறுதிசெய்த பிறகு.

மில்னர் மொலாய்சனுக்கு வைத்த ஒரு பரிசோதனை தோட்டத்து மக்களுக்கு மிகவும் வேண்டியது. ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம். அந்த இரண்டு கோட்டுக்கும் இடையே பென்சிலால் கோடு இழுத்துச் சுற்றி வர வேண்டும். கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்கலாம். வலது இடதாகும், முன் பின்னாகும். யாருக்கும் முதலில் கை தடுமாறும். மொலாய்சனுக்கும் தடுமாறியது. மூன்று நாள் தொடர்ந்து செய்தார். மூன்றாம் நாள் கோடு ஏறக்குறையப் பிசகில்லாமல் வந்தது. அப்படியொரு விளையாட்டை முன்பு பார்த்த ஞாபகமே தனக்கு இல்லை என்றார். மனசு மறந்ததைக் கை கற்று வைத்திருந்தது.

கொழுந்து பறிக்கும் கைக்கும் இதே கதைதான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது, கவ்வாத்துக் கத்தி பிடிப்பது, ரொட்டி தட்டுவது, தையல் மெஷின் மிதிப்பது எல்லாம் வேறொரு ஞாபகப் பாதையில் இருப்பவை. பொட்டு மடல் சத்திரசிகிச்சை அவற்றைத் தொடுவதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் கங்காணி சொன்ன "இன்னைக்கு ஏழாம் நம்பர் மலை" என்ற சொல்தான் பத்து மணிக்கு மறந்துபோகும்.

பதினைந்து சொற்கள்

ஞாபகம் எவ்வளவு இழக்கப்படும் என்பது எந்தப் பக்கம் வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வலதுகைக்காரர்களில் பெரும்பாலானோருக்கு மொழியின் இருப்பிடம் இடது பக்கம். அங்கே பொட்டு மடலை எடுத்தால் பேர்கள், சொற்கள், கேட்ட செய்திகள் நழுவும். வலது பக்கம் எடுத்தால் முகம், பாதை போன்றவற்றில் சிலருக்குச் சிக்கல் வரலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வின்படி, இடது பக்கச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சொல் ஞாபகம் குறைந்தவர்கள் 44 சதவீதம், வலது பக்கத்துக்குப் பிறகு 20 சதவீதம். பொருட்களுக்குப் பேர் சொல்லும் திறன் இடது பக்கக்காரர்களில் 34 சதவீதத்தினருக்குக் குறைந்தது. அதே இடது பக்கக்காரர்களில் 27 சதவீதத்தினருக்குச் சரளமாகச் சொற்களைத் தேடி எடுக்கும் திறன் கூடியிருந்தது. இழப்பும் ஆதாயமும் ஒரே தலைக்குள் நடக்கின்றன.

இதை அளப்பவர் நரம்பு உளவியலாளர். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து பதினைந்து சொற்களை ஒரே சீராக வாசிப்பார். ஞாபகம் உள்ளவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்பார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறுகிறதா என்று குறிப்பார். பிறகு வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்புவார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, எதிர்பாராத நேரத்தில், "முதல்ல சொன்னதெல்லாம் திரும்பச் சொல்லுங்க" என்பார். அந்தக் கடைசி எண்ணிக்கை சத்திரசிகிச்சைக்கு முன் எவ்வளவு, ஒரு வருடம் கழித்து எவ்வளவு என்பதுதான் கணக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2004-இல் இந்தியச் சூழலுக்கேற்ற தொகுப்பொன்றை வெளியிட்டது. பட்டியலின் சொற்கள் நோயாளியின் வாழ்க்கைக்குள் இருப்பவையாக இருக்க வேண்டும். மலையகத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சோதனை வைத்து "ஞாபகம் குறைவு" என்று எழுதினால், அளக்கப்பட்டது மொழிப் பழக்கமாகத்தான் இருக்கும்.

சில இடங்களில் வாடா பரிசோதனையும் நடக்கும். தொடை நாடியின் வழியே மெல்லிய குழாயைக் கழுத்து நாடி வரை செலுத்தி, மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடங்களுக்கு உறங்க வைக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். நோயாளி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து ஏறியதும் ஒரு கை துவண்டு விழும். அந்த இடைவெளியில் சீப்பு, கரண்டி என்று பொருட்களைக் காட்டுவார்கள். விழித்த பிறகு அவை ஞாபகம் இருந்தால், விழித்திருந்த பாதி தனியாகவே ஞாபகத்தைச் சுமக்கும் என்று பொருள். இப்போது பல மையங்களில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்தே மொழி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கேட்பதற்கு முரணாகப் படும் ஓர் உண்மை: முன்பு ஞாபகம் நன்றாக இருந்தவருக்கே இழப்பு அதிகம். வலிப்பு ஏற்கெனவே சிதைத்துவிட்ட ஹிப்போகாம்பஸை எடுத்தால் இழப்பதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததை எடுத்தால் வித்தியாசம் வீட்டாருக்கே தெரியும்.

அப்படியானால் செய்யாமலே இருந்துவிடலாமே? ஜெர்மனியின் பான் நகர ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட 147 பேரையும் மருந்தோடு இருந்த 102 பேரையும் இரண்டு முதல் பத்து வருடங்கள் வரை தொடர்ந்து பார்த்து 2003-இல் எழுதினார்கள். ஞாபகம் குறைந்தவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம், இரண்டாவதில் 50 சதவீதம். வலிப்பு தொடர்ந்தால் ஞாபகம் எப்படியும் தேய்கிறது. சத்திரசிகிச்சையால் வலிப்பு நின்றவர்களுக்கு, காலப்போக்கில் மற்ற அறிவுத்திறன்கள் சில மீளவும் செய்தன.

தோட்டக் குடும்பங்களில் இந்த மறதி வெளியே தெரியாமல் போக ஒரு வழி இருக்கிறது. அக்கா, மாமா, சித்தி, அண்ணே என்று முறை சொல்லி அழைக்கும் வீட்டில் பேர் மறந்தவர் பிடிபடுவதில்லை. பள்ளிக்கூடத்திலும், செக்ரோல் எழுதும் கணக்குப்பிள்ளை வேலையிலும், டவுன் கடைக் கவுண்டரிலும்தான் பிடிபடுவார். அங்கே அதற்கு மன்னிப்பு குறைவு. மொழி தெரியாதவர்போல் தடுமாறி, பின்னர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். சோர்வும் மறதியும் ஒன்றையொன்று வளர்க்கும் இடம் அது. மனச்சோர்வு உள்ளவர் தன் மறதியை உள்ளதைவிடப் பெரிதாக உணர்வதும் உண்டு. அதனால்தான் பரிசோதனை எண்ணிக்கையையும் மனநிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பீலிக்கரைக் காவல்

மெல்பர்ன் ஆஸ்டின் மருத்துவமனையில் பீட்டர் பிளேடினும் சாரா வில்சனும் அவர்களது குழுவும் தொண்ணூறுகளிலிருந்து கவனித்த ஒரு விஷயத்துக்கு, இயல்பு வாழ்வின் சுமை என்று பேர் வைத்தார்கள். வலிப்பு நின்றவர்களில் ஒரு பகுதியினர் மகிழ்ச்சிக்குப் பதிலாகத் திணறுகிறார்கள். சிலர் இழந்த வருடங்களை ஒரே மாதத்தில் பிடித்துவிடப் பார்க்கிறார்கள்: இரட்டை வேலை, இரவுக் கூட்டு, ஓயாத அலைச்சல். வேறு சிலர் நோயாளி என்ற இடத்தை விட்டு எழும்ப மறுக்கிறார்கள். சிறுவயதிலிருந்து யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். இன்னும் சிலருக்குப் போன காலத்தின் மீது துக்கம் வருகிறது. பத்து வயதிலேயே இதைச் செய்திருந்தால் படித்திருப்பேனே என்ற எண்ணம்.

வீட்டாரின் நிலையும் இதில் அடக்கம். வலிப்பு உள்ள பெண்ணைப் பீலிக்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள். தண்ணீரில் விழுந்து மூச்சுத் திணறிப் போனவர்களின் கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அடுப்பங்கரையில் நெருப்புப் பக்கம் விட மாட்டார்கள். செங்குத்தான மலைக்குப் பறிக்க அனுப்பத் தயங்குவார்கள். அம்மாவோ அக்காவோ எப்போதும் பத்தடி பின்னால் நடந்தே பழகியவர்கள். வலிப்பு நின்ற பிறகும் அந்தக் காவல் நிற்பதில்லை. "நானே போய்க்குவேன்" என்று மகள் சொல்லும்போது, காவலுக்கு இருந்தவருக்குத் தன் வேலையே பறிபோனதுபோல் ஆகிறது. கணவன் மனைவிக்கிடையே இது இன்னும் கூர்மையாக வரும். ஒருவர் பார்த்துக்கொள்பவர், மற்றவர் பார்த்துக்கொள்ளப்படுபவர் என்ற ஏற்பாடு குலையும்போது சண்டை வருவதையும், சில குடும்பங்கள் பிரிவதையும் மெல்பர்ன் குழு பதிவு செய்திருக்கிறது.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் விஷயம் மறுபடி மூடப்படுகிறது. வலிப்பைக் காக்காய் வலிப்பு என்றும் காத்துக் கருப்பு என்றும் சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்த காலம் முழுதாகப் போய்விடவில்லை. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்திருந்தது. 1999-இல்தான் சட்டத் திருத்தம் அந்தச் சொல்லை நீக்கியது. சட்டம் நீக்கினாலும் பெண் பார்க்க வருகிறவர்கள் காதோரத் தழும்பைப் பார்த்துக் கேட்கிறார்கள். மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். மறைத்து எடுக்கும் மாத்திரை தவறும். தவறினால் வலிப்பு திரும்பும்.

மாத்திரை தொடர வேண்டியது கட்டாயம். சத்திரசிகிச்சை செய்துகொண்டதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். பொதுவாக ஓரிரு வருடங்கள் வலிப்பின்றிக் கடந்த பிறகே வைத்தியர்கள் படிப்படியாகக் குறைக்கத் தொடங்குவார்கள். சிலருக்கு நிறுத்தவே முடியாது. இலண்டனில் 615 பேரை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2011-இல் வந்த ஆய்வில், நினைவு தவறாத சிறு அறிகுறிகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஐந்து வருடம் வரை வலிப்பின்றி இருந்தவர்கள் 52 சதவீதம், பத்து வருடம் வரை 47 சதவீதம். மீண்டும் ஒரு வலிப்பு வந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று பொருளில்லை. மருந்தைச் சரிசெய்து மறுபடி நீண்ட காலம் வலிப்பின்றி வாழ்ந்தவர்கள் அதே ஆய்வில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு வலிப்பு குடும்பத்தின் மீது விழும் வேகம் பெரிது. முன்கூட்டியே சொல்லப்படாதவர்களுக்கு அது ஏமாற்றுப்போலவே படும்.

மலைக்குத் திரும்புவது

தேறும் காலத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது ஆறு வாரம் முதல் மூன்று மாதம். அது மேசை வேலைக்காரர்களின் கணக்கு. கொழுந்துக் கூடையின் கயிறு தலை உச்சியில்தான் தங்குகிறது; நிரம்பிய கூடையின் பாரம் முழுவதும் மண்டையையும் கழுத்தையும் இழுக்கிறது. எலும்பை அறுத்துத் திறந்து, தகடும் திருகாணியும் வைத்து மூடிய இடத்துக்குப் பக்கத்தில் அந்த இழுப்பு. கொழும்பிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் வைத்தியருக்கு "நோயாளி கூலி வேலை செய்பவர்" என்பது தெரிந்திருக்கலாம். கயிறு எங்கே தங்குகிறது என்பதை யாராவது காட்டினால்தான் தெரியும். கூடைக்குப் பதிலாகச் சாக்கை இடுப்பில் கட்டிப் பறிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் வந்துவிட்டது. இவர்களுக்கு அது உதவும்.

களைப்பு வேறு கணக்கில் வருகிறது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். மதியத்துக்கு மேல் கால் தள்ளாடும் ஒருவரால் முதல் மாதங்களில் அந்தக் கிலோவை எடுப்பது கடினம். அரைப்பேர் விழும் ஒவ்வொரு நாளும், "தேறிட்டேன்னு சொன்னாங்களே" என்ற சந்தேகத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நாற்று மேடை, கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா போன்ற இடங்களில் சில மாதம் இலகு வேலை கேட்க வைத்தியரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கும் பழக்கமே நம்மிடம் குறைவு.

வீட்டாருக்கு

முதல் இரண்டு வாரம்: காய்ச்சல், தழும்பில் நீர் கசிவு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே வைத்தியசாலை.

முதல் மூன்று மாதம்: அழுகை, எரிச்சல், தூக்கக்கேடு வரலாம் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். வலிப்பு வந்த நாளை எழுதுவதுபோலவே.

ஆறு மாதம் வரை: மறதிக்கு ஒரே இடம், ஒரே நேரம் என்ற ஒழுங்கு உதவும். மாத்திரைக்குப் போனில் மணி, சுவரில் பெரிய எழுத்துக் கலண்டர், சட்டைப் பையில் சிறு குறிப்புப் புத்தகம். மறந்ததை மற்றவர் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

ஒரு வருடம்: ஞாபகப் பரிசோதனையை மறுபடி செய்யும்படி கேளுங்கள். பிள்ளையாக இருந்தால் வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். வாய்மொழிப் பாடத்தைவிடப் பார்த்தும் எழுதியும் படிப்பது சிலருக்கு எளிது.

முன்பே கேட்க வேண்டிய கேள்வி

மெல்பர்ன் குழு தன் நோயாளிகளிடம் சத்திரசிகிச்சைக்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்கிறது: வலிப்பு நின்றால் என்ன செய்யப்போகிறீர்கள்? வாகனம் ஓட்டுவேன், வேலைக்குப் போவேன், தனியாகப் பயணம் செய்வேன் என்று கைக்கு எட்டும் விஷயங்களைச் சொன்னவர்கள், பின்னால் சிகிச்சை வெற்றி என்று உணர்ந்தார்கள். என் குணமே மாறிவிடும், எல்லோரும் என்னை நேசிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, வலிப்பு நின்றிருந்தும் ஏமாற்றம் மிஞ்சியது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இயந்திரம் வேண்டாம். தோட்டத்து வைத்திய உதவியாளர் கேட்கலாம். வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர் கேட்கலாம். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் கேட்கலாம். நோயாளியிடம் ஒருமுறை, அவருக்குக் காவல் இருப்பவரிடம் தனியாக ஒருமுறை. "தனியா டிக்கோயா டவுனுக்குப் போய்ட்டு வரணும்" என்ற பதில் வந்தால் அதற்கு எந்த மாதம் பொருத்தம் என்று வைத்தியரிடம் கேட்டு வைக்கலாம்.

வைத்தியசாலையை விட்டுக் கிளம்பும் நாளில் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். எந்தப் பாரத்தை எந்த மாதத்திலிருந்து எப்படிச் சுமக்கலாம் என்று தோட்ட அலுவலகத்துக்கான கடிதம் ஒன்று. சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த ஞாபகப் பரிசோதனையின் பிரதி ஒன்று. எடுக்கப்பட்ட பகுதி எந்தப் பக்கம், எவ்வளவு, மருந்து எந்த அளவில் தொடர வேண்டும் என்ற குறிப்பு ஒன்று. ஊரிலுள்ள கிளினிக்கில் மாதாமாதம் பார்க்கும் வைத்தியர் வேறு ஆள், அடுத்த வருடம் இடமாற்றத்தில் அவரும் போய்விடுவார். புதிதாக வருபவர் கொப்பியைப் புரட்டி "இழுப்பு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டு அடுத்தவரைக் கூப்பிடாமல், தூக்கம் எப்படி, மனசு எப்படி, ஆட்களின் பேர் ஞாபகம் வருகிறதா என்றும் கேட்க அந்த மூன்று தாள்களும் போதும்.